2 கிலோவாட் சின்ன ஜெனரேட்டர் போதுமா, பெரிதாகவே வாங்கிவிடலாமா?

வெட்டவெளி:

வணக்கம். ஆண்டுக்கு நான்கைந்து முறை குடும்பத்தோடு கூடாரம் அடித்துத் தங்கி வருகிறோம். வீட்டிலோ, புயல் மழை என்றால் மின்சாரம் ஒரு நாள் முழுக்க வராமல் போவதுண்டு. இரண்டுக்கும் ஒத்துவரும்படி ஒரே பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் ஓட வேண்டியவை: ஃபிரிஜ், ஐந்து எல்.இ.டி. விளக்கு, இரண்டு மேசை மின்விசிறி, வைஃபை பெட்டி, அப்பா இரவில் மாட்டிக்கொள்ளும் சிபாப் மூச்சுக்கருவி, 1 எச்.பி. தண்ணீர் மோட்டார்.

கடைக்காரர் "3500 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்ட, இரண்டு பேர் தூக்க வேண்டிய பெட்டியைக் காட்டுகிறார். என் கண் 21 கிலோ எடையுள்ள, 2 கிலோவாட் சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் மேல் இருக்கிறது. இதற்கிடையில் அப்பா ஒரு கேள்வி கேட்டார்: "வீட்டில்தான் ஒரு இன்வெர்ட்டர் இருக்கிறதே, இன்னொரு இன்வெர்ட்டர் எதற்கு?" அந்தப் பழைய இன்வெர்ட்டரின் பேட்டரி செத்து ஓராண்டு ஆகிறது என்பது வேறு விஷயம். ஆனால் அவர் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.


கணக்குப்பிள்ளை:

அப்பாவின் கேள்வி நியாயமானது. நம்மிடையே இன்வெர்ட்டர் என்றால் பேட்டரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பெட்டிதான். இன்வெர்ட்டர் ஜெனரேட்டருக்குள்ளும் அதே வேலை நடக்கிறது. பேட்டரிக்குப் பதில் இன்ஜின் இருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய பாணி ஜெனரேட்டரில் இன்ஜின் சுற்றும் வேகம்தான் மின்சாரத்தின் அதிர்வெண். 50 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் நிமிடத்துக்கு 3000 சுற்று, 60 ஹெர்ட்ஸ் என்றால் 3600. ஒரே ஒரு விளக்கு எரிந்தாலும் அந்த வேகத்தில்தான் கத்திக்கொண்டு ஓடவேண்டும். இன்வெர்ட்டர் வகையில் இன்ஜின் எந்த வேகத்திலும் சுற்றலாம். அதிலிருந்து வரும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, பிறகு மின்னணுச் சுற்று சீரான அலையாக வெட்டித் தருகிறது. அதனால் சுமை குறைந்தால் இன்ஜின் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சத்தமும் பெட்ரோலும் மிச்சமாவது இதனால்தான். அலையின் தரமும் நன்றாக இருக்கும். அப்பாவின் மூச்சுக்கருவிக்கு அது முக்கியம்.

கொட்டை எழுத்தை நம்பாதீர்கள். அது உச்சத் திறன். சில விநாடிகளுக்கு மட்டும். மணிக்கணக்கில் தாங்கும் தொடர் திறன் சின்ன எழுத்தில் எங்காவது ஒளிந்திருக்கும். ஹோண்டா இ.யு. 2200ஐ-க்கு உச்சம் 2200 வாட், தொடர் திறன் 1800. யமஹா இ.எஃப். 2000ஐ.எஸ். இரண்டாம் பதிப்புக்கு 2000, 1600. உங்கள் 3500 வாட் பெட்டியின் தொடர் திறன் என்னவென்று அந்தக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். முகம் மாறுகிறதா என்று பார்க்கலாம்.


பழைய லைன்மேன்:

உங்கள் பட்டியலில் எல்லாம் சாது, தண்ணீர் மோட்டார் ஒன்றைத் தவிர. 1 எச்.பி. என்பது 746 வாட், ஆனால் அது தண்டு வெளியே தரும் வேலை. கம்பியிலிருந்து இழுப்பது 1000 வாட்டுக்கு மேல் போகும். கிளம்பும் அந்த ஒரு கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். 1800 வாட் ஜெனரேட்டர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அந்த ஒரு மோட்டாருக்காகத்தான் உங்களைப் பெரிய பெட்டி வாங்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, இதை நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லியே தீருவேன். ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயரை இழுத்து, இரண்டு பக்கமும் பிளக் மாட்டி, சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் சொருகி வீடு முழுக்க மின்சாரம் விடும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த மின்சாரம் மீட்டர் வழியாக வெளியே போய், தெரு டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, மேல் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக நிற்கும். லைனை நிறுத்திவிட்டுத்தானே ஏறுகிறோம் என்று கம்பத்தில் நிற்பவன் கதி என்ன? என் பணிக்காலத்தில் ஒரு முறை, நிறுத்திய லைனில் டெஸ்டர் எரிந்தது. கை வைப்பதற்கு முன் சோதித்துப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் இதை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டு வயரிங்கில் இணைக்க வேண்டுமென்றால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வையுங்கள்; வீடு ஒரு நேரத்தில் தெரு லைனோடோ ஜெனரேட்டரோடோ ஒன்றோடு மட்டும்தான் சேரும். அதையும் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் வைக்க வேண்டும். இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் வயரை நேராக ஃபிரிஜுக்கு இழுங்கள். வயர் தடிமனாக இருக்கட்டும்.


சத்தமில்லாதவன்:

2 கிலோவாட் ஜெனரேட்டரையே ஏன் வாங்குகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. 1000 வாட்-மணி கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரிப் பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள். பெட்ரோல் இல்லை, புகை இல்லை, படுக்கை பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். கூடாரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?


ஸ்பேனர்12:

சத்தமில்லாதவன் அண்ணா, மழை மூன்று நாள் விடாமல் பெய்தால் அந்தப் பெட்டியை எதில் சார்ஜ் செய்வீர்கள்? சூரியனுக்குக் கடிதம் போடுவீர்களா?

ஃபிரிஜ் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 யூனிட், அதாவது 1000 வாட்-மணி இழுக்கும். உங்கள் 1000 வாட்-மணிப் பெட்டியில் மாற்றும்போது போகும் இழப்பு 10 முதல் 15 விழுக்காடு. ஃபிரிஜ் ஒன்றுக்கே ஒரு நாள் தாண்டாது.


சத்தமில்லாதவன்:

ஃபிரிஜை நான் சொல்லவே இல்லை தம்பி. இரவைச் சொல்கிறேன். மூச்சுக்கருவிக்காக ராத்திரி முழுக்க ஜன்னலுக்கு வெளியே ஒரு இன்ஜின் ஓடவேண்டுமா?


தென்றல் வாசல்:

ஜன்னலுக்கு வெளியே என்றதும் எழுதுகிறேன். இது எங்கள் வீட்டில் நடந்தது.

மழை சாய்வாக அடித்ததால் ஜெனரேட்டரைத் தாழ்வாரத்தில் வைத்து, வயர் போவதற்காகக் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்திருந்தோம். காற்றோட்டமான இடம்தானே என்று நினைப்பு. ஒரு மணி நேரத்தில் எனக்குத் தலைவலி. சின்னவள் வாந்தி எடுத்தாள். வயிற்றுக் கோளாறு என்று நினைத்து அவளைத் தூங்க வைக்கப் பார்த்தேன். இன்று நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது. வெளியிலிருந்து வந்த என் தம்பி, "எல்லாருக்கும் ஒரே நேரத்தில் எப்படித் தலைவலிக்கும்?" என்று கேட்டு எங்களை வெளியே இழுத்து வந்தான். மருத்துவமனையில் கார்பன் மோனாக்சைடு என்றார்கள்.

அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை வாடை வரவில்லையே என்று நாம் தைரியமாக இருப்போம். இரத்தத்தில் உயிர்வளி பிடித்துக்கொள்ளும் இடத்தை அது உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும் என்று மருத்துவர் சொன்னார். வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வையுங்கள். புகைபோக்கி வீட்டைப் பார்க்காமல் இருக்கட்டும். மேலே மழை மறைப்பு வேண்டுமானால் நாலு பக்கமும் திறந்த மறைப்பாக இருக்கட்டும். இப்போது சில மாடல்களில் அந்த வாயு சேர்ந்தால் தானே நிற்கும் உணரி வருகிறது, நல்லதுதான். ஆனால் அது இயந்திரத்தைச் சுற்றித்தான் பார்க்கும், படுக்கையறையைப் பார்க்காது. வீட்டுக்குள் தனியாக ஒரு அலாரம் வேண்டும்.


பழைய லைன்மேன்:

அம்மா, நீங்கள் எழுதியதுதான் இந்த இழையில் முக்கியமான பதிவு. வாங்குகிறவர்கள் ஜெனரேட்டரோடு சேர்த்தே அந்த அலாரத்தையும் வாங்கட்டும்.


மலையேறி:

கூடாரப் பக்கத்தை யாரும் தொடவில்லையே. நான் சொல்கிறேன்.

உயரம் கூடினால் காற்று மெலியும், இன்ஜின் மூச்சு வாங்கும். 300 மீட்டருக்குச் சுமார் 3.5 விழுக்காடு திறன் குறையும். 2100 மீட்டர் உயரத்தில் கூடாரம் அடித்தால் 1800 வாட் என்பது 1350 பக்கம் வந்துவிடும். இதைத் தெரியாமல் மலை மேல் கெட்டில் போட்டுவிட்டு ஜெனரேட்டர் மோசம் என்று திட்டுவார்கள்.

சத்தம். சின்ன ஹோண்டாவுக்குக் கால் சுமையில் 48 டெசிபல், முழுச் சுமையில் 57 என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். விளம்பரத்தில் எப்போதும் சின்ன எண்தான் வரும். எந்தச் சுமையில், எத்தனை தூரத்தில் அளந்தது என்று பாருங்கள். 7 மீட்டரில் அளப்பது வழக்கம். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். ஆகவே அமைதியான மாடல் தேடி அலைவதைவிட நீளமான, தடித்த வயர் வாங்குவது மேல். ஒரு மரத்துக்கோ பாறைக்கோ அப்பால் வைத்தால் இன்னும் நல்லது. அதே நேரத்தில் உங்கள் கூடாரத்துக்கு அப்பால் என்பது பக்கத்துக் கூடாரத்துக்கு இப்பால் என்பதையும் மறக்க வேண்டாம். எனக்கு அப்படி ஒரு பக்கத்துக் கூடாரம் வாய்த்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை, ஆனால் அவர்களுடைய வண்ண விளக்குத் தோரணம் விடிய விடிய எரிந்தது.

காட்டுப் பகுதி என்றால் புகைபோக்கியில் தீப்பொறித் தடுப்பு வலை இருக்கிறதா என்றும் பாருங்கள்.


ஸ்பேனர்12:

நான் சின்ன இன்ஜின் பழுது பார்ப்பவன். எந்தக் கம்பெனி, எத்தனை டெசிபல் என்று நீங்கள் சண்டை போடுங்கள். என் மேசைக்கு வரும் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே நோய்: பெட்ரோலை உள்ளே விட்டபடி மாதக்கணக்கில் மூடி வைத்திருப்பார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகி, வார்னிஷ் போல ஒட்டிக்கொண்டு, ஜெட் என்னும் ஊசி முனை அளவுள்ள துளையை அடைத்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். புயல் வந்த அன்று கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்ற பிறகு என்னிடம் கொண்டு வருவார்கள். அன்றைக்கு எனக்குக் கூட்டம் அதிகம்.

வழி எளிது. நிறுத்தும்போது சாவியால் நிறுத்தாதீர்கள். பெட்ரோல் வரும் குழாயை மட்டும் மூடிவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். யமஹாவின் அந்த 2000 மாடலில் பெட்ரோல் குழாய் தனியாக இருப்பதால் இது சுலபம். சில மாடல்களில் குழாயும் சுவிட்சும் ஒரே திருகில் இருக்கும். அங்கே கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி வடிக்க வேண்டும். வாங்கும் முன் இதை ஒரு முறை பாருங்கள். வாட்டைப் பார்ப்பதைவிட இது முக்கியம் என்பேன்.

எண்ணெயை முதல் 20 மணி நேரத்தில் ஒரு முறை மாற்றுங்கள், பிறகு 100 மணிக்கு ஒரு முறை. அரை லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். சரிவான தரையில் வைத்தால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, உணரி "எண்ணெய் இல்லை" என்று நினைத்து இன்ஜினை நிறுத்திவிடும். கூடாரம் போட்ட இடத்தில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு நான் சொல்லும் மருந்து, "சமமான தரைக்கு நகர்த்துங்கள்."


புதியவன்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இதில் ஏ.சி. ஓடுமா?


கணக்குப்பிள்ளை:

இன்வெர்ட்டர் வகை 1 டன் ஏ.சி. மெதுவாகக் கிளம்பும் என்பதால் 1800 வாட்டில் ஓட வாய்ப்புண்டு, வேறு எதுவும் போடாமல் இருந்தால். பழைய வகை என்றால் ஆசையை விட்டுவிடுங்கள்.


வெட்டவெளி:

எல்லோருக்கும் நன்றி. தென்றல் வாசல் அக்காவின் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் மனத்தில் ஜெனரேட்டருக்கு ஒதுக்கியிருந்த இடம் எங்கள் தாழ்வாரம்தான்.

நேற்று வாட் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி ஒவ்வொன்றாக அளந்தேன். ஃபிரிஜ் ஓடும்போது 110. மின்விசிறி ஒன்றுக்கு 45. மூச்சுக்கருவி 38, அதில் ஈரப்பதத்துக்கான சூடேற்றியைப் போட்டால் இரட்டிப்புக்கு மேல் போகிறது. வைஃபை 12. ஐந்து விளக்கும் சேர்ந்து 45. ஆக மொத்தம், தண்ணீர் மோட்டார் நீங்கலாக, 295 வாட்! மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். இதற்கா 3500?


கணக்குப்பிள்ளை:

இப்போதுதான் கணக்குக்கு வந்திருக்கிறீர்கள். இன்னும் ஒரு கணக்கு பாருங்கள். அந்த ஹோண்டாவின் தொட்டி சுமார் 3.6 லிட்டர். முழுச் சுமையில் 3.2 மணி நேரம் ஓடும் என்கிறார்கள்: 1800 வாட்டில் 5.76 யூனிட், அதாவது லிட்டருக்கு 1.6 யூனிட். கால் சுமையான 450 வாட்டில் 8.1 மணி நேரம்: லிட்டருக்கு 1 யூனிட்தான். சுமை குறையக் குறைய நேரம் நீளும், ஆனால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் செலவாகும் பெட்ரோல் கூடும். 295 வாட்டுக்காக நாள் முழுக்க ஓட்டினால் ஏறக்குறைய 10 லிட்டர் போய்விடும், நடுராத்திரியில் எழுந்து பெட்ரோல் ஊற்றும் வேலை தனி.


சத்தமில்லாதவன்:

நான் சொன்னதற்குத்தானே வருகிறீர்கள்.


ஸ்பேனர்12:

பாதி வழிக்கு. காலையில் 3 மணி நேரம், மாலையில் 3 மணி நேரம் ஜெனரேட்டர். அந்த நேரத்தில் ஃபிரிஜ் குளிரட்டும், பேட்டரிப் பெட்டியும் நிரம்பட்டும். இரவில் பேட்டரி மட்டும். ஃபிரிஜைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரமாவது தாங்கும். தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்துக் கீழ்த் தட்டில் அடுக்கினால் இன்னும் தாங்கும். இப்படிச் செய்தால் ஒரு நாளைக்கு ஒரு தொட்டிக்குள் முடிந்துவிடும். அண்ணன் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. என் பங்கு கொஞ்சம் கூடுதலாகச் சரி.


வெட்டவெளி:

அப்படியானால் செத்துக் கிடக்கும் பழைய இன்வெர்ட்டருக்கே புதுப் பேட்டரி போட்டுவிடலாமா? அப்பாவின் வாதம் அதுதான்.


பழைய லைன்மேன்:

போடலாம், ஆனால் ஒரு சிக்கல். ஈய அமிலப் பேட்டரி மெதுவாகத்தான் குடிக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணிப் பேட்டரியை வீட்டு இன்வெர்ட்டர் 10, 15 ஆம்பியரில்தான் ஏற்றும். நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஸ்பேனர் தம்பியின் மூன்று மணி நேரத் திட்டம் அங்கே கவிழ்ந்துவிடும். லித்தியம் பெட்டி அதே மூன்று மணியில் நிரம்பும். தவிர, பழைய இன்வெர்ட்டர்களில் பல சீரான அலைக்குப் பதில் சதுர அலை தருபவை. விசிறி உறுமுவது அதனால்தான். மூச்சுக்கருவியை அதில் மாட்டிச் சோதனை செய்ய வேண்டாம்.

இரவுக் கணக்கு: மூச்சுக்கருவி, ஒரு விசிறி, வைஃபை சேர்த்து 95 வாட். எட்டு மணி நேரத்துக்கு 760 வாட்-மணி. 1000 வாட்-மணிப் பெட்டியில் இழப்பு போக 850 கிடைக்கும். சூடேற்றியைப் போடாமல் இருந்தால் விடிந்துவிடும். ஆனால் அதை அணைத்து வைக்கலாமா என்று அப்பாவின் மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.


மலையேறி:

295 வாட்தான் என்றால் 1000 வாட் மாடலே போதாதா? ஹோண்டாவில் அது 13 கிலோ. ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம்.


பழைய லைன்மேன்:

கூடாரத்துக்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதுதான். வீட்டு ஃபிரிஜ் கிளம்பும் கணத்தில் எவ்வளவு இழுக்கிறது என்பதை அந்த வாட் மீட்டர் காட்டாது. பனி உருக்கும் சூடேற்றி உள்ள ஃபிரிஜ் என்றால் அதுவும் நடுவில் சில நூறு வாட் கேட்கும். அதே நேரத்தில் பேட்டரிப் பெட்டியும் ஏறிக்கொண்டிருந்தால் 900 வாட் தொடர் திறன் முட்டிக்கொள்ளும். 1800-இல் நிம்மதியாக இருக்கலாம்.


புதியவன்:

எரிவாயுவில் ஓடுவது பற்றிச் சொல்லவில்லையே?


ஸ்பேனர்12:

ஆண்டுக்கு இரண்டு முறைதான் ஓட்டுவேன் என்பவருக்கு அது வரப்பிரசாதம். சிலிண்டர் பத்தாண்டு சும்மா இருந்தாலும் வாயு கெடாது, ஜெட் அடைக்காது. திறன் பத்து விழுக்காடு போலக் குறையும். குளிர்ப் பிரதேசத்தில் மட்டும் கவனம்: புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில்கூட ஆவியாகும், பியூட்டேன் கலந்த வாயுவோ பூஜ்யத்தை நெருங்கும்போதே சோம்பிவிடும்.


வெட்டவெளி:

முடிவு செய்துவிட்டோம். 1800 வாட் தொடர் திறன், பெட்ரோல் குழாய் தனியாக மூடக்கூடிய மாடல். கூடவே ஒரு லித்தியம் பெட்டி. தண்ணீர் மோட்டாரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். புயல் எச்சரிக்கை வந்ததும் மேல்தொட்டியை நிரப்பி வைத்தால் இரண்டு நாள் ஓடும் என்று அம்மா சொன்னார். இந்த யோசனை இவ்வளவு பேருக்கும் தோன்றவில்லையே என்றும் கேட்டார்.


பழைய லைன்மேன்:

அம்மாவுக்கு என் வணக்கம். அலாரம் வாங்கியாகிவிட்டதா?


வெட்டவெளி:

நாளை வருகிறது ஐயா. ஜெனரேட்டர் இன்று காலையே வந்துவிட்டது. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. அப்பா அதன் மேல்தான் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார்.